அப்பா பிடித்த சங்கிலி

போன மாதம் பெரியப்பாவைப் புதைத்துவிட்டு வந்து, லயத்து வரிசை வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எல்லோரும் இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது உங்களில் ஒருவர் சொன்னார்: “நாலு பேருக்காகப் பேசுன வாயி. போயிருச்சு.” மற்றவர்கள் ஆமாம் என்று தலையை ஆட்டினீர்கள். என் பக்கமும் திரும்பிப் பார்த்தீர்கள். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். தலைவலி என்று நினைத்திருப்பீர்கள். எனக்குத் தலைவலி எதுவும் இல்லை. ஆத்திரம்.

நாமெல்லாம் ஒரே லயத்தில் மூக்கு ஒழுகத் திரிந்தவர்கள். இப்போது உங்கள் தலையிலும் வெள்ளை, என் தலையிலும் வெள்ளை. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்கிறீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது நான் வாயைத் திறந்தால், பெரியவரை எதிர்த்துப் பேசாதே என்றீர்கள். அப்படியானால் எப்போதுதான் சொல்வது? இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு நீங்கள் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். றப்பர் தோட்டத்து எல்லையைத் தாண்டி ஓடைப் பக்கமாக இறங்கினால் ஒரு பலா மரம், அதற்குக் கீழே வீடு. மண் கல் சுவர், தகரக் கூரை. அதன் கதவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தோட்டத்தில் றப்பர் ஷீட் உலர்த்துகிற பழைய புகைக்கூண்டை இடித்தபோது அப்பா, பெரியப்பாவை விட்டுத் துரையிடம் கேட்கச் சொல்லி வாங்கித் தலையில் சுமந்து கொண்டுவந்த கதவு அது. எத்தனையோ வருசம் றப்பர் ஷீட்டுக்குப் போட்ட புகையைக் குடித்துக் குடித்துக் கருத்துப்போன பலகை. மழை பெய்தால் அதிலிருந்து புகை வாசம் கிளம்பும். எஹலியகொடப் பக்கம் மழை பெய்யாத நாள் எங்கே இருக்கிறது? என் சட்டை, கொப்பி, தலைமுடி எல்லாவற்றிலும் அந்த வாசம்தான். தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம் என்று என்னைச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள் அல்லவா, அங்கே பிள்ளைகள் என்னைத் “தும்” என்றுதான் கூப்பிடுவார்கள். தும் என்றால் புகை. எனக்கு அந்தப் பெயரில் வருத்தமே கிடையாது. சொந்தமாகக் கதவு இருக்கிற வீட்டுப் பிள்ளை என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு அந்த வீட்டைவிட்டால் வேறு பேச்சில்லை. லயத்துக் காம்பராவில் இருந்தபோது அடுத்த காம்பராக்காரன் இருமினால் நம்ம வீட்டு விளக்கு அணையும் என்பாள். இங்கே வந்த பிறகுதான் சத்தம் போட்டுச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். அப்பா வீட்டுக்கு மேலே சரிவில் றப்பர் கன்று நட்டிருந்தார். றப்பர் வெட்டுக்கு வர ஆறேழு வருசம் ஆகும். தோட்டத்து மரத்தில் விடியற்காலையில் பால் வெட்டிவிட்டு வந்து, பின்னேரத்தில் தன் கன்றுகளுக்குக் களை பிடுங்குவார். ஒவ்வொரு மரத்தையும் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்து, “இன்னங் கொஞ்சம் பருக்கணும்” என்பார். நான் கேட்காமலே என்னிடம் சொல்வார்.

அந்தக் காணி முதலில் கிராமத்துச் சிங்களப் பெண் ஒருவரின், நாங்கள் நோனா என்று கூப்பிடுகிறவரின், குடும்பத்துக் காணி. அவரோடு கூடப் பிறந்தவர்கள் பலர். எல்லோருக்கும் பங்கு உண்டு, ஆனால் எந்தப் பங்கு எந்த இடத்தில் என்று யாரும் பிரித்துக்கொண்டதில்லை. நோனா தன் பங்கை எங்களுக்கு விற்றார். விற்றுவிட்டு வந்து நின்று, இந்தப் பலாவிலிருந்து ஓடை வரைக்கும் நீங்கள் இருந்துகொள்ளுங்கள் என்று கையைக் காட்டினார். அவர் கை காட்டியதுதான் எல்லை. அதற்கு வேலியும் இல்லை, கல்லும் இல்லை.

வாங்கியவர்கள் அப்பாவும் பெரியப்பாவும். அம்மாவின் தோடும் காப்பும் அதில் போயின. காணி உறுதிப் பத்திரம் மட்டும் பெரியப்பா பெயரில். ஏனென்றால் அப்பாவுக்கு அடையாள அட்டை கிடையாது. பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்த காலத்தில் மூத்தவரை இலங்கைக்கு எழுதினார்கள், இளையவரை இந்தியாவுக்கு எழுதினார்கள். ஏன் அப்படி என்று கேட்டால் இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் இந்த நாட்டுக்காரர், ஒருவர் அந்த நாட்டுக்காரர். பிறகு இந்தியாவுக்கு ஆள் ஏற்றிய கப்பல் நின்றுவிட்டது. அப்பா போகவில்லை. காகிதத்தில் மட்டும் போய்விட்டார்.

பெரியப்பா நம் டிவிசன் கங்காணி. லயத்துக் கோடியில் பெரிய காம்பரா அவருக்கு. அந்தக் காணியில் அவர் ஒரு மிளகுக் கொடிகூட நட்டது கிடையாது. வருவார், பலாவடியில் உட்காருவார், சுளை தின்பார், போவார். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. அவர் வந்தால் எனக்குச் சந்தோசமாகத்தான் இருக்கும். றம்புட்டான் காலத்தில் எனக்கென்று தனியாக ஒரு கொத்து கொண்டுவருவார்.

அது பலாப்பழக் காலம். ஒரு மத்தியானம் எங்கள் பலாவடியில் மேளச் சத்தம் கேட்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மேளம் என்றால் இரண்டுதான், ஒன்று திருவிழா, இன்னொன்று சாவு. திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது. தோட்டத்தில் வேலையாக இருந்த அம்மா பால் வாளியை வைத்துவிட்டு மேட்டிலிருந்து ஓடிவந்தாள். “யாரு போயிட்டா?” என்று கேட்டாள்.

யாரும் போகவில்லை. கோர்ட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார், கூடவே மேளத்தோடு ஒருவர். நோனாவின் அண்ணன் தம்பிகளின் பங்குகளைக் கல் வியாபாரி ஒருவர் ஒவ்வொன்றாக வாங்கியிருந்தார். ஓடைக்கரை மண்ணில் மாணிக்கக் கல் இருக்கிறது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்களாம். அவர் தன் பங்கைத் தனியாக வெட்டித் தரும்படி வழக்குப் போட்டுவிட்டார். சிங்களத்தில் பெதும் நடுவ என்பார்கள், பங்கு பிரிக்கிற வழக்கு. இன்ன நாளில் சர்வேயர் வந்து காணியை அளப்பார். இந்தக் காணியில், வீட்டில், மரத்தில் யாருக்கு உரிமை இருக்கிறதோ அவர் காணியில் நின்று சர்வேயரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு பேச்சில்லை. இதைத்தான் மேளம் அடித்துச் சொன்னார்கள்.

அம்மாவுக்குச் சிங்களம் கடைக்குப் போய் வர மட்டும்தான் வரும். நான் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். கடைசிப் பகுதியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மேளக்காரருக்கு ஒரு தட்டில் சுளை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் தின்று முடிக்கும்வரை அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

அன்று பொழுது சாயப் பெரியப்பா வந்தார். அம்மா அவரை மாமா என்று கூப்பிடுவாள். அப்பா ஒரு மூலையில் குந்தியிருந்தார். தான் பேசிக்கொள்வதாகப் பெரியப்பா சொன்னார். தம்பி வாயைத் திறக்க வேண்டியதில்லை, அளக்கிறவருக்குத் தேத்தண்ணியும் இளநீரும் கொடுத்தால் போதும் என்றார்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “தாயும் புள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறதாங்க மாமா. வீட்டக் கட்டுனவரு அவரு வாயாலயே சொல்லட்டும்.”

“கார்டு இல்லாதவன் கவர்மெந்து ஆளு முன்னுக்கு நின்னு என்னோடதுன்னு சொன்னா, அவன் மொதல்ல என்னா கேப்பான்? கார்டத்தான் கேப்பான். அப்பறம் பொலிசுக்குப் போயி யாரு இவன மீட்டுக்கிட்டு வாறது? நீயா?”

அந்த வருசங்களில் பொலிஸ் என்ற சொல்லுக்கு மேல் தமிழரிடம் பேச்சு ஏது? அம்மா அடங்கிவிட்டாள். அப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அண்ணன் சொன்னால் சரி என்பது அவருக்கு விடிந்தால் வெளிச்சம் வரும் என்பது மாதிரி.

அப்பாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நம் தோட்டத்தில் துரைக்கு முன்னால் யார் பேசுவார்கள்? கூரை ஒழுகினாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அரைநாள் பேரோடு போக வேண்டியிருந்தாலும் கங்காணியிடம்தான் சொல்ல வேண்டும், கங்காணி துரையிடம் சொல்வார். துரை நேராக நம் முகத்தைப் பார்த்துக் கேட்டாலும் நாம் கங்காணி முகத்தைத்தான் பார்ப்போம். தன் காரியத்தைத் தன் வாயால் சொன்னால் அது மரியாதைக்கேடு. நாலு தலைமுறையாகப் பாலோடு சேர்த்து ஊட்டிய பழக்கம் இது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பழமொழி மட்டும் வைத்திருக்கிறோம்.

சர்வேயர் வருகிற அன்று அம்மா வேலைக்குப் போகாமல் நிற்கப் பார்த்தாள். வேலைக்கு வந்தவர்களுக்குப் பெயர் போடுகிறவர் யார்? பெரியப்பா. ஆள் குறைவு, நின்றால் அந்த வாரம் முழுவதும் பெயர் போட மாட்டேன் என்று அவர் சொன்னதும் அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னாள். “கேட்டா சொல்லுங்க.” அவ்வளவுதான். பள்ளி விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன்.

சர்வேயர் நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார். ஒல்லி, தொப்பி, மூன்று கால் கருவி. அவரோடு அளவுச் சங்கிலி பிடிக்க வருகிற ஆளுக்கு அன்று காய்ச்சலாம். சர்வேயர் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். அவ்வளவுதான், அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய்ச் சங்கிலியின் ஒரு நுனியைப் பிடித்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. தொப்பி போட்ட ஒருவர் சுமையோடு நின்றால் தானாக ஓடிப்போய் வாங்கிக்கொள்ளும் கை அது.

காலை முழுவதும் அப்பா அந்தச் சங்கிலியோடு ஓடினார். புதரை வெட்டி வழி எடுத்தார். ஓடைக்குள் முழங்கால்வரை இறங்கி நின்றார். அட்டை கடித்து இரத்தம் ஒழுகுகிற காலோடு மேட்டில் ஏறினார். இங்கே பிடி என்றால் பிடித்தார், அங்கே நில் என்றால் நின்றார். தன் றப்பர் மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, எப்போது நட்டது என்று சர்வேயர் கேட்டதற்குப் பதிலும் சொன்னார். நட்டது யார் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கல் வியாபாரி மேலே ரோட்டில் காருக்குள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் சர்வேயர் பலாவடியில், எங்கள் வீட்டில் இருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்து கொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். நோனா குடையோடு வந்து நின்றார். பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் தேய்த்துத் தலை சீவி வந்திருந்தார். அப்பா சங்கிலியைச் சுருட்டிக் கையில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

“மே கெதர காகேத?” என்று சர்வேயர் கேட்டார். இந்த வீடு யாருடையது?

அப்பா பெரியப்பா முகத்தைப் பார்த்தார். நோனாவுக்குப் பொறுக்கவில்லை. நீதானே கட்டினாய், சொல்லு என்று சிங்களத்தில் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு அடி பின்னால் போய், அண்ணனுக்கு வழி விட்டார்.

பெரியப்பா முன்னுக்கு வந்தார். தன் பெயரைச் சொன்னார். வீடு தன்னுடையது என்றார். பலா, றப்பர், மிளகு எல்லாம் தான் வைத்தது என்றார். அப்படியானால் இவர் யார் என்று சர்வேயர் அப்பாவைக் கைகாட்டிக் கேட்டார்.

“அது நம்ம ஆளு” என்று பெரியப்பா சிங்களத்தில் சொன்னார்.

வேலையாள் என்றுதான் அதற்கு அர்த்தம். எனக்குச் சிங்களம் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

நான் வாசலில் இருந்து கத்தினேன். “அபே கெதர!” எங்கள் வீடு. எங்கள் அப்பா கட்டிய வீடு, மரமெல்லாம் அவர் நட்டது, இவர் எதையும் நடவில்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கத்தித் தீர்த்தேன். சர்வேயர் எழுதுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, பிள்ளை சொல்வது சரியா என்று கேட்டார். நேராக, பொறுமையாக, அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டார். அதற்கு மேல் எந்த அரசாங்க ஆள் நம்மிடம் கேட்பான்?

அப்பா வந்து என் கன்னத்தில் அறைந்தார். கையில் மாட்டியிருந்த சங்கிலியும் சேர்ந்து காதில் பட்டது.

“சின்னப் புள்ளைங்க ஐயா. ஒண்ணும் தெரியாது” என்றார்.

சர்வேயர் குனிந்து எழுதத் தொடங்கினார். நோனா குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என் தலையில் ஒரு முறை கையை வைத்தார். எல்லாம் முடிந்த பிறகு சர்வேயர் சங்கிலி பிடித்ததற்கு அப்பாவுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கூலி வாங்கிக்கொண்டு தனக்குத்தானே சூனியம் வைத்துக்கொண்ட மனிதர் உலகத்திலேயே எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருக்கும்.

அம்மா வந்ததும் வராததுமாக, சொன்னீர்களா என்று கேட்டாள். அண்ணன் சொல்லிவிட்டார் என்றார் அப்பா. யார் பெயரை என்று அம்மா கேட்டாள். அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குத் தண்ணீருக்குப் போய்விட்டார். ஆண்பிள்ளை குடம் எடுத்துப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் காதைத் திருப்பிப் பார்த்து மஞ்சள் வைத்துவிட்டாள். அந்தக் கூலியில் அப்பா சீனி வாங்கி வந்தார். அம்மா அதை ஒரு நாளும் தன் தேத்தண்ணியில் போடவில்லை.

பெரியப்பா அன்று திருடினாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். எனக்கு ஆத்திரம் தீராததற்குக் காரணமே அதுதான். திருட்டு என்றால் ஒரு பழியோடு முடிந்துபோகும். அவர் கங்காணி. முப்பது பேர் வெட்டிய பாலையும் தன் பெயரைச் சொல்லி ஸ்டோரில் ஒப்படைத்துப் பழகியவர். தம்பி வீடு என்றால் தன் வீடு, தம்பி நட்ட மரம் என்றால் தான் நட்ட மரம். ஒரு பெயர் கேட்டார்கள், தன் பெயரைக் கொடுத்தார். அப்பாவும் அண்ணன் பெயரில் இருந்தால் என்ன என்று இருந்தார். இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்த மரியாதைப்படி சரியாகத்தான் நடந்தார்கள். கோர்ட்டுக்கு நம் மரியாதை தெரியுமா?

பங்கு பிரிக்கிற வழக்கு அப்பன் காலத்தில் தொடங்கிப் பேரன் காலத்தில் முடியும் என்பார்கள். எங்கள் வழக்கு சீக்கிரம் முடிந்தது. யாருக்கும் எதிர்ப்பில்லை. எதிர்த்துப் பேசியிருக்க வேண்டியவர்தான் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தாரே. கோர்ட்டுக்குப் போய் வரும் நாட்களில் பெரியப்பா எனக்கு மீன் வைத்த மாலு பாண் வாங்கி வருவார். கடைசியில் பலாவிலிருந்து ஓடை வரைக்கும் உள்ள துண்டு, வீட்டோடும் மரத்தோடும் பெரியப்பாவுக்கு என்று தீர்ப்பாயிற்று. கல் வியாபாரிக்குப் பக்கத்துத் துண்டுதான் கிடைத்தது. துண்டுகளைப் பிரித்து எல்லைக் கல் நடுவதற்கு அதே சர்வேயர் வந்தார். வந்ததும் அப்பாவைத்தான் தேடினார், அந்த நல்ல வேலைக்காரன் எங்கே என்று. அப்பா போனார். எங்கள் குசினிக்குப் பின்னால் எல்லைக் கல்லை நட்டுச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினார். “பாத்தியா, அண்ணே வாங்கிக் குடுத்துட்டாரு” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாகூட ஒரு வாரம் நம்பினாள். சரிவில் மரங்கள் வெட்டுக்கு வந்துவிட்டன. அப்பா ஒவ்வொரு மரத்திலும் வெட்டப் போகிற இடத்தில் கோடு போட்டு வைத்தார். கத்தியைத் தீட்டியும் வைத்தார்.

பெரியப்பாவின் மூத்த மகளுக்கு அந்த வருசம் கலியாணம் பேசினார்கள். கல் வியாபாரி எங்கள் துண்டையும் கேட்டார். பெரியப்பா கலியாணச் செலவுக்கு விற்றுவிட்டார். எங்களிடம் வந்து சொன்னதே கலியாணத்துக்கு அழைக்க வந்த அன்றுதான், தட்டில் வெற்றிலையோடு.

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அவர் காம்பராவுக்குப் போனாள். அன்று உங்களில் சிலரும் இஸ்தோப்பில் நின்று பார்த்தீர்கள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று கேட்டாள்.

“மாமா, அந்த வீடு யாரோடது?”

பெரியப்பா கோபப்படவில்லை. மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “பேரு யாரோடதும்மா? கோர்ட்டுக்கு அலைஞ்சது யாரு? நா ஒங்கள நடுத்தெருவுலயா வுடப்போறேன்? தொரைகிட்டப் பேசிட்டேன். லயத்துல ஒரு காம்பரா தாறேன்னிருக்காரு.”

“காம்பரா எங்களுக்கு இருந்துச்சுங்க மாமா. அத வுட்டுட்டுத்தான் அங்க போனோம்.”

பெரியப்பா உள்ளே போய்விட்டார். நின்று பார்த்த நீங்களும் கலைந்து போனீர்கள். அவர் மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து அழுதாள். அவள்மீது எனக்குக் கோபமில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிறாயே அக்கா, உன்னைத்தான் சொல்கிறேன். உன் கலியாணச் சாப்பாட்டை நாங்கள் சாப்பிடவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை.

வீட்டை விட்டு லயத்துக்கு வந்த அன்று மழை. சட்டி பானை, பாய், என் கொப்பிகள், இரண்டு கோழி. அம்மா கதவைக் கழற்றச் சொன்னாள். அப்பா கீலில் கை வைத்தார். அங்கே நின்ற பெரியப்பா, கதவைத் தொட வேண்டாம், வீடு என்று எழுதி விற்றால் அதில் கதவும் சேர்த்திதான், பிறகு வியாபாரி தன்னைத்தான் கேட்பார் என்றார். அப்பா கையை எடுத்துவிட்டார். அப்போதும் எடுத்துவிட்டார்! அந்தக் கதவு மழையில் நனைந்து புகை வாசம் வீசிக்கொண்டிருந்தது. அம்மா அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தாள்.

வியாபாரி கோடு போட்ட றப்பர் மரங்களை விறகுக்கு விற்றார். வீடு இருந்த இடத்தில் கல் தோண்டக் குழி வெட்டினார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்ப்பேன். குழிக்குப் போகிற சேற்றுப் பாதையில் ஒரு பலகை போட்டிருந்தார்கள், கருப்பாக. ஆட்கள் அதை மிதித்துக்கொண்டு போனார்கள், வந்தார்கள். கல் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. கிடைத்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாளில் என்னைத் தும் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், உங்களில் பலர் அன்று வரிசையில் நின்றவர்கள்தான்.

சட்டம் மாறியது. இந்தியாவுக்கு எழுதப்பட்டு இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை என்றார்கள். நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, அரசாங்க ஆட்கள் வந்து அடையாள அட்டைக்கு எழுதினார்கள். அப்போது நான் எஹலியகொடயில் துணிக்கடையில் வேலைக்கு இருந்தேன். லீவு போட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மேசைக்குப் பக்கத்தில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். கங்காணி வேலையிலிருந்து ஓய்ந்திருந்தாலும், வருகிற ஒவ்வொருவருக்காகவும் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். நாலு பேருக்காகப் பேசிய வாய் என்றீர்களே, அந்த வாய்தான்.

எங்கள் முறை வந்தது. அதிகாரி பெயர் கேட்டார், பிறந்த இடம் கேட்டார். பிறகு நிமிர்ந்து பார்க்காமல், இருக்கிற வீடு யாருடையது என்று கேட்டார். “காகேத?”

பெரியப்பா ஒரு அடி முன்னால் வைத்தார். அப்பா கையை நீட்டி அவரைத் தடுத்தார். அப்பாவின் கை அண்ணனின் நெஞ்சில் பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“மகே.” என்னுடையது.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தீர்கள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பெரியப்பா தணிந்த குரலில், மரியாதையாக, அது தோட்டத்து லயம், ஐயா என்று சிங்களத்தில் திருத்தினார். அதிகாரி சிரித்துவிட்டு, தோட்டத்து வீடு என்று எழுதிக்கொண்டார்.

பெரியப்பா சொன்னது பொய்யில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் கத்தவில்லை. கத்துவதற்கு என்ன இருக்கிறது, அது தோட்டத்து லயம்தானே.